ஒஸ்வல்ட் விட்ட பந்து

மாத்தளை சன்ரைஸ் கழகம் கிண்ணத்தைப் பறிகொடுத்த ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தை விட்டு முதலில் வெளியே வந்தவர் மஹ்ரூப். வந்த வேகத்திலேயே வீட்டுக்குப் போயிருந்தால் பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது. ஆனால் அவர் வாசலிலே நின்றுவிட்டார். தொங்கிய முகங்களோடு பின்னால் வந்த சனத்துக்கெல்லாம் கேட்கும்படி தீர்ப்பைச் சொன்னார்.

“பதினொரு பேரும் தோக்கல்ல. ஒரே ஒரு ஆள்தான் தோத்தான். ஒஸ்வல்ட்!”

மஹ்ரூபுக்குக் கடைவீதியில் புடவைக்கடை. நாற்பதைத் தாண்டிய, அகலமான மனிதர். பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக்கூட உதைத்தவரில்லை. ஆனால் சன்ரைஸ் ஆடிய ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டவருமில்லை. மைதானத்தின் மேற்கு மூலையில் நிற்கும் மாரா மரத்தடிதான் அவருடைய இடம். அங்கிருந்து அவர் கத்தும் யோசனைகள் மறுகோடிவரை கேட்கும். ஆடுகிறவர்கள் அதன்படி ஆடினார்களோ இல்லையோ, வென்ற நாட்களிலெல்லாம் தன் யோசனையால்தான் வென்றார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் அது. இறுதி ஆட்டத்துக்குக் கம்பளையிலிருந்து ஒரு அணி லொறியில் வந்து இறங்கியிருந்தது. இடைவேளை நேரத்தில் ஒரு பாட்டம் மழை கொட்டி, பிறகு பளீரென்று வெயில் அடித்தது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கோல். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் கம்பளைக்காரன் ஒருவன் நடு மைதானத்திலிருந்து பந்தை வானத்துக்குத் தூக்கி அடித்தான். அது கிழக்குப் பக்கக் கோலை நோக்கி வந்தது. கீழே ஒஸ்வல்ட் நின்றான். கராஜில் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒஸ்வல்ட், ஆறு வருஷமாக சன்ரைஸுக்குப் பின்வரிசையில் நிற்கிறவன். அவனைத் தாண்டிப் போவதென்றால் டிக்கட் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். தலையால் ஒரு முட்டு, அல்லது காலால் வெளியே ஒரு உதை. எது செய்திருந்தாலும் போதும். அவன் இரண்டையும் செய்யவில்லை. ஒரு கணம் நின்றான். பந்து ஈரத் தரையில் விழுந்து, சறுக்கி எகிறி, அவன் தோளைத் தாண்டிப் போனது. கம்பளையின் ஒல்லிப் பையன் ஒருவன் ஓடி வந்து அதைக் கோலுக்குள் தள்ளிவிட்டான்.

அவ்வளவுதான். விசில். கிண்ணம் லொறியில் ஏறிக் கம்பளைக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் மஹ்ரூப் கடையைத் திறந்த கையோடு பக்கத்திலிருந்த பழனிமுத்துவின் சலூனுக்குள் நுழைந்தார். அங்கே காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கில் அவருடைய மச்சான் கலந்தர் ஏற்கனவே குந்தியிருந்தார். கலந்தர் மஹ்ரூபின் மனைவி ஸுலைஹாவுக்குத் தம்பி. யட்டவத்தையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் வியாபாரி. வாரத்துக்கு ஒருநாள்தான் டவுனுக்கு வருவார். இந்த வாரம் ஒவ்வொரு நாளும் வருவதாகத் தீர்மானித்திருந்தார். காரணம், மைதான வாசலில் மச்சான் சொன்ன தீர்ப்பு.

“மச்சான், நீங்க சொன்னது அநியாயம்” என்று சலாம் சொன்ன வாயோடே தொடங்கினார். “ஆறு வருஷமா அந்த மனுஷன் தடுத்த பந்தெல்லாம் ஒங்களுக்குக் கணக்கில்லையா?”

“கல்யாண வீட்டுல நாள் பூரா நல்லாச் சமைச்ச ஆள், கடைசி நேரத்துல சோத்தக் கரிச்சா, யாருக்கு ஏச்சு விழும்?”

“சோறு கரிஞ்சா அடுப்புக்குப் பக்கத்துல நின்னவன் எல்லாரையும்தான் கேக்கணும். கோல் காக்கிற கோலி வின்சன்ட் என்ன செஞ்சாரு? ஏன் முன்னுக்கு வரல்ல?”

சொல்லி விளங்கவைக்க முடியாது என்று கண்ட மஹ்ரூப், கண்ணாடிக்கு முன்னாலிருந்த பலகையைத் துடைத்து மைதானமாக்கினார். பவுடர் டின் ஒஸ்வல்ட். எண்ணெய்ப் போத்தல் வின்சன்ட். சவர பிரஷ்தான் கம்பளைப் பையன். பந்துக்குப் படிக்காரக் கட்டி. கட்டியை உயர்த்திக் கொண்டுவந்து பவுடர் டின்னுக்கு முன்னால் போட்டார்.

“பாரு. இங்க விழுது. இவன் இங்க நிக்கிறான். எட்டிப் புடிக்கிற தூரம்!”

“டின் கொஞ்சம் தள்ளி நின்னுச்சு மச்சான்.”

“தள்ளி நிக்கல்ல. நான் பாத்தேன்.”

“நானுந்தான் பாத்தேன்!”

பழனிமுத்து கத்தியைப் பிடித்த கையோடு குனிந்து பலகையை ஆராய்ந்தார். நாற்காலியில் ஒரு கன்னம் மட்டும் வழிக்கப்பட்ட நிலையில் இருந்த மனிதர் நெளிந்தார்.

“மத்தப் பக்கத்தையும் வழிச்சி விடுங்க, பழனிமுத்து. பல்லேபொல பஸ் போயிரும்.”

“அது போகட்டும். நீங்க எந்தக் கட்சி? ஒஸ்வல்ட் மேல பிழ இருக்கா, இல்லையா?”

மனிதர் கண்ணாடியில் அந்தக் கத்தியைப் பார்த்தார். “ஒங்க கையில கத்தி இருக்கு. நீங்க எந்தக் கட்சியோ நானும் அதே கட்சிதான்.”

சலூனே சிரித்தது. அந்த மனிதர் பஸ்ஸையும் பிடித்தார், கதையையும் பல்லேபொலைக்குக் கொண்டுபோனார். அன்று மத்தியானத்துக்குள் அந்தப் பாதையில் ஓடிய பஸ்களில் முன் சீட்டெல்லாம் பிழைக் கட்சி, பின் சீட்டெல்லாம் பிழையில்லாக் கட்சி என்று ஆகிவிட்டதாக ஒரு கொண்டக்டர் வந்து சொன்னான். மார்க்கட்டில் கருவாட்டுக்காரரும் தேங்காய்க்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருந்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே சண்டைதான் நடந்தது. தோல்வியின் துக்கம் போன இடம் தெரியவில்லை. வென்றிருந்தால்கூட ஊர் இவ்வளவு கலகலப்பாக இருந்திருக்காது.

மஹ்ரூபுக்கு அது பெருநாள் வாரம் போல. கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தொடுவதற்கு முன் “முதலாளி, அந்தப் பந்து…” என்று தொடங்குவார்கள். அவர் சீத்தைத் துணிச் சுருளை ஒஸ்வல்டாகவும் முழக்கோலைக் கம்பளைப் பையனாகவும் வைத்து விளக்குவார். “ஒரு கிழவன் தலைய நீட்டியிருந்தாக்கூட போதும்” என்று முடிப்பார். சொல்லச் சொல்ல அவருடைய ஒஸ்வல்ட் மேலும் மேலும் சோம்பேறியாகிக்கொண்டு வந்தான். புதன்கிழமையில் அவன் கொட்டாவி விட்டதாகக்கூட ஒரு சேதி சேர்ந்துகொண்டது. அதை மஹ்ரூப் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவுமில்லை.

வியாழக்கிழமை காலை, கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரு பெண் வந்தாள். ஒஸ்வல்டின் மனைவி தெரேசா. மஹ்ரூப் அவசரமாக எழுந்து முழக்கோலைக் கீழே வைத்தார்.

“வாங்க வாங்க. என்ன எடுக்கணும்?”

“மகளுக்கு மாதா கோயில்ல புதுநன்மை முதலாளி. கவுனுக்கு வெள்ளத் துணி வேணும். நல்லதாப் பாத்து ஒரு நாலு யார்ட்.” அவள் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. துணியை விரலால் தடவிப் பார்த்தாள். அவர் அளந்து, கத்தரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்து, கிழிக்கக் கையெடுத்தபோது சொன்னாள்: “பாத்து முதலாளி. எங்க வீட்டுக்காரரக் கிழிக்கிற மாதிரிக் கிழிச்சிராதீங்க.”

மஹ்ரூபின் கை அந்தரத்தில் நின்றது. தெரேசா சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை.

“நான் ஆட்டத்தப் பத்தித்தான் பேசினது தங்கச்சி. ஆளப் பத்தி இல்ல.”

“அது ரெண்டும் வேற வேறன்னு ஒங்க வாய்க்குத் தெரியும். அவரு காதுக்குத் தெரியாதே.” அவள் துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். “இப்பல்லாம் கராஜுக்குக் கடைவீதியால போறதில்ல. பின்னால ஓடைய சுத்திக்கிட்டுப் போறாரு. பந்தாடுற சப்பாத்தக் கழுவிக் காயவச்சி சாக்குல கட்டியாச்சு. இனி ஆட வரமாட்டேன்னு நேத்து வின்சன்ட் சேர்கிட்ட சொல்லிட்டாரு. எனக்கு நல்லதுதான். ஞாயித்துக்கிழமையில ஓட்ட வாளி அடைக்க வீட்டுல ஒரு ஆள் இருக்கும்.”

அவள் போன பிறகும் மஹ்ரூப் அந்த வெள்ளைத் துணிச் சுருளைச் சுற்றாமல் வெறுமனே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த வாடிக்கைக்காரர் “முதலாளி, அந்தப் பந்து…” என்றபோது, “என்ன வேணும்னு சொல்லுங்க, எடுத்துத் தாரேன்” என்று வெட்டினார்.

மத்தியானச் சோற்றில் ஸுலைஹா அவருடைய முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“நீங்க கடைசியா எப்ப பந்து உதைச்சீங்க?” என்று கேட்டாள்.

“உதைச்சாத்தான் பேசணுமா? எனக்கு வட்டிலப்பம் செய்யத் தெரியாது. ஆனா ருசி பாத்துச் சொல்லத் தெரியாதா?”

“தெரியும். ருசி பாத்துச் சொல்லுங்க. செஞ்சவளோட அடுப்பப் போட்டு ஒடைக்காதீங்க.”

அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். ஆனாலும் தான் சொன்னது பிழை என்று அவருடைய மனம் ஒத்துக்கொள்ளவுமில்லை. அந்தப் பந்தைத் தடுத்திருக்கலாம். அவர் கண்ணால் பார்த்தார். ஒஸ்வல்ட் திரும்ப ஆட வரவேண்டும், அதே நேரம் பிழை அவனுடையதாகவும் இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் எப்படி நிற்பதென்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபோது சலூன் வாசலில் கலந்தர் வழிமறித்தார். பின்னால் ஒரு பட்டாளமே நின்றது.

“மச்சான், பேசிப் பேசி வாய் உலந்து போச்சு. இனிப் பேச்சு வேணாம். ஞாயித்துக்கிழமை, அதே நேரம், அதே கோல். வின்சன்ட் வந்து அதே மாதிரிப் பந்த அடிச்சித் தாரேன்னு ஒத்துக்கிட்டாரு. ஒஸ்வல்ட் நின்ன எடத்துல நீங்க நில்லுங்க.”

“நானா?”

“ஒரு கிழவன் தலைய நீட்டியிருந்தாக்கூட போதும்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க கிழவனும் இல்ல.”

கூட்டம் ஆரவாரித்தது. மஹ்ரூப் ஒத்துக்கொண்டார். வீம்பு ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அந்தப் பந்தைத் தான் தடுத்துக் காட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடும், முடிந்த வழக்கைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பிறகு நேரே ஒஸ்வல்டின் வீட்டுக்குப் போய் ‘சரி, நடந்தது நடந்து போச்சு, வா’ என்று கூப்பிடலாம். இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்துக்கு வந்த சனத்தைப் பார்த்து அவர் வாசலிலேயே ஒருமுறை நின்றுவிட்டார். இறுதி ஆட்டத்துக்கு வந்ததைவிடக் கூட்டம் அதிகம். கடலைக்காரர் இரண்டு கூடை கொண்டுவந்திருந்தார். யட்டவத்தையிலிருந்து கலந்தர் தன் கட்சிக்காரர்களை மிளகு மூட்டை ஏற்றும் லொறியில் ஏற்றி வந்திருந்தார். மதிலோரம் பெண்கள் கூட்டத்தில், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டபடி ஸுலைஹாவும் நின்றாள். அவள் வருவதாக அவரிடம் சொல்லவே இல்லை.

“அன்னைக்கி மழை பெஞ்சிச்சு” என்று கலந்தர் சட்டம் பேசினார். “தரை ஈரமா இருக்கணும்.” வாளி வாளியாகத் தண்ணீர் வந்து கிழக்குப் பக்கக் கோலுக்கு முன்னால் கொட்டியது. கோலி வின்சன்ட் நடு மைதானத்தில் பந்தோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்க்கும் அவர்தான் சன்ரைஸின் கெப்டனும். கம்பளைப் பையனின் வேலையைக் கலந்தரே எடுத்துக்கொண்டார். பழனிமுத்து, கழுத்தில் விசிலும் காதிடுக்கில் சீப்புமாக ரெஃப்ரி ஆகிவிட்டார்.

மஹ்ரூப் செருப்பைக் கழற்றி, சாரத்தை மடித்துக் கட்டி, ஒஸ்வல்ட் நின்ற இடத்தில் போய் நின்றார். விசில் ஊதியது. வின்சன்ட் அடித்தார்.

மஹ்ரூப் அண்ணாந்தார். பந்து இல்லை. வானமும் இல்லை. மேற்கு மலைக்கு மேலே நின்ற சூரியன் நேரே அவர் கண்ணுக்குள் புகுந்து எல்லாவற்றையும் ஒரு வெள்ளை விரிப்பாக்கிவிட்டது. “முன்னுக்குப் போங்க!” என்றது ஒரு குரல். “பின்னுக்கு! பின்னுக்கு!” என்றது இன்னொன்று. “தலை! தலை!” “விடுங்க, வெளிய போகுது!” இத்தனை யோசனைகளில் எதைக் கேட்பதென்று அவர் தீர்மானிப்பதற்குள் பின்னால் ‘பொத்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கலந்தர் சாவகாசமாக நடந்து வந்து பந்தைக் கோலுக்குள் உருட்டிவிட்டார்.

யட்டவத்தை லொறிக்காரர்கள் தகரத்தைத் தட்டினார்கள்.

“ஒரு பந்து சரிவராது!” என்று மஹ்ரூப் கத்தினார். “இன்னொண்ணு!”

இரண்டாவதற்குக் கையால் வெயிலை மறைத்துக்கொண்டார். இந்தமுறை பந்து தெரிந்தது. ஓடினார். பந்து அவருக்கு முன்னால் விழுந்தது. எகிறும் என்று அவர் நினைத்த பக்கம் எகிறாமல், ஈரத்தில் சறுக்கி, இடுப்போரமாக வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதற்கு என்ன ஆனாலும் விடுவதில்லையென்று பாய்ந்தார். எதிரே கலந்தரும் பாய்ந்தார். மச்சானும் மச்சானும் மார்பும் மார்பும் மோதி, சேற்றில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பந்து யாரையும் லட்சியம் பண்ணாமல் தானாகவே கோலுக்குள் போய்ச் சேர்ந்தது.

மைதானம் முழுவதும் சிரிப்பால் குலுங்கியது. மதிலோரத்திலிருந்து எழுந்த சிரிப்பில் தன் மனைவியின் குரலை மஹ்ரூப் தனியாகக் கேட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்ததை அவர் வெளியிடத்தில் கேட்டதில்லை. சேற்றில் கிடந்தபடியே அவரும் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு யாரைக் கட்டுப்படுத்த முடியும்? “நான் நிக்கிறேன்”, “நான் காட்டுறேன்” என்று ஆளாளுக்கு இறங்கினார்கள். கொண்டக்டர் நின்றான். கருவாட்டுக்காரர் நின்றார். விசிலைத் தேங்காய்க்காரரிடம் கொடுத்துவிட்டுப் பழனிமுத்துவும் நின்று பார்த்தார். ஒருவராலும் முடியவில்லை. ஒரேயொருவர் தடுத்தார். அவரும் முகத்தால்தான் தடுத்தார், அதுவும் வேண்டுமென்றல்ல.

மஹ்ரூப் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, தூரத்தில் தெரிந்த மாரா மரத்தைப் பார்த்தார். அங்கே நிழல். வெயிலுக்கு முதுகு. பந்தும் தரையும் ஆளும் துலக்கமாகத் தெரியும் இடம். அங்கிருந்து பார்த்தால் உலகத்தில் தடுக்க முடியாத பந்து எதுவுமே இல்லைதான்.

திடீரென்று இரைச்சல் அடங்கியது. வாசல் பக்கமாக ஒஸ்வல்ட் வந்துகொண்டிருந்தான். தெரேசா அவன் கையை விடாமல் பிடித்திருந்தாள். சந்தைக்குப் போகவேண்டும் என்று பொய் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். அவன் தலைமுடி சீவப்படாமல் இருந்தது. தான் நின்ற இடத்தில் ஊரே சேறாகி நிற்பதைக் கண்டு அவன் அப்படியே நின்றான்.

மஹ்ரூப் முன்னால் போனார். மூக்கிலிருந்து சேறு சொட்டியது.

“ஒஸ்வல்ட், எல்லாருக்கும் முன்னால சொல்றேன். நின்னு பாத்துட்டேன். சூரியன் கண்ணுல அடிக்குது, தரை வழுக்குது. மனுஷனால ஆகாது. ஒன் மேல பிழ இல்ல.”

பிழையில்லாக் கட்சி கைதட்டியது. ஒஸ்வல்ட் தலையைச் சொறிந்தான்.

“இல்ல நானா.” அண்ணன் முறையில் மஹ்ரூபை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான். “பிழ என்னோடதுதான்.”

“என்ன?”

“அந்தச் சூரியனுக்குக் கீழ ஆறு வருஷமா நிக்கிறேனே. கண்ண இடுக்கிக்கிட்டா பந்து நல்லாத் தெரியும். வெளிய அடிச்சிருக்கலாம். அடிக்கத்தான் போனேன். கடைசி நிமிஷம், நெஞ்சில வாங்கி அழகா எறக்கி வைப்போம்னு ஒரு ஆச வந்திருச்சு. அதுக்குள்ள விழுந்து போயிருச்சு.”

இரண்டு மச்சான்மாரும் ஒரே நேரத்தில் வெடித்தார்கள்.

“நெஞ்சில வாங்கவா? கடைசி நிமிஷத்துலயா?” கலந்தர் தலையில் கைவைத்தார். “ஒரு வாரமா ஒனக்காகக் கத்தி, மிளகு யாவாரத்தையும் விட்டுட்டு நிக்கிறேன்! அப்ப பிழ ஒன்னோடதுதானே மனுஷா!”

“வாய மூடு கலந்தர்!” மஹ்ரூப் இடையில் பாய்ந்தார். “நெஞ்சில வாங்க நெனச்சதுல என்ன பிழ? அது ஆட்டக்காரனுக்குள்ள ஆச. எல்லாப் பந்தையும் காட்டுக்கு அடிக்கிறதுக்கு மாட்டக் கொண்டுவந்து நிப்பாட்டலாமே!”

“பிழதான்!”

“இல்ல!”

“அவனே ஒத்துக்கிறான் மச்சான்!”

“அவனுக்கு என்ன தெரியும்? அவன் உள்ளுக்கு நின்னான். வெளிய இருந்து பாத்தவன் நான்!”

ஒஸ்வல்ட் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். “நானா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? எனக்கு அந்த ஆச ஏன் வந்திச்சு தெரியுமா? பந்து மேல வாரப்ப மாரா மரத்தடியில ஒரு ஆள் எழும்பி நின்னு ‘ஒஸ்வல்ட்! காட்டு! ஒன் வேலையக் காட்டு!’ன்னு கத்தினாரு.”

எல்லாத் தலைகளும் மஹ்ரூபின் பக்கம் திரும்பின.

“யார் அது?” என்று பழனிமுத்து கேட்டார், எல்லாருக்கும் தெரிந்திருந்தும்.

கலந்தர் வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். “அல்ஹம்துலில்லாஹ்! ஆள் அகப்பட்டாச்சு!”

அதன்பிறகு யார் எந்தக் கட்சி என்று அறிய வழியே இல்லாமல் போயிற்று. யாரோ பந்தை நடுவில் வைத்தார்கள், யாரோ விசிலைத் திருப்பி வாங்கினார்கள். மைதானத்தில் நின்றவர்கள் நின்ற பக்கத்துக்கே ஆடத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் பதினெட்டுப் பேர், மறுபக்கம் இருபதுக்கு மேல். ஒஸ்வல்ட் தங்களுக்குத்தான் என்று இரண்டு பக்கமும் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தது. மஹ்ரூப் வலது கையைப் பிடித்து இழுத்ததில் அவருடைய பக்கம் வென்றது.

“நீ முன்னுக்குப் போ” என்றார் அவனிடம். “பின்னால நான் நிக்கிறேன்.”

“நீங்களா?”

“எனக்கு இப்ப அனுபவம் இருக்கு.”

வெறுங்காலோடு ஒஸ்வல்ட் ஓடிய ஓட்டத்தைப் பார்க்கவேண்டும். ஒரு வாரமாக ஓடையோரம் பதுங்கி நடந்த கால்களா இவை என்று இருந்தது. பின்வரிசைக்காரன் என்று பேரெடுத்தவன் அன்று இரண்டு கோல் போட்டான். இரண்டாவதைப் போட்டபோது தெரேசா பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்திக் குதித்தாள். மறுபக்கம் கலந்தரின் ஆட்கள் இரண்டு போட்டார்கள். வெளிச்சம் மங்கும்போது கலந்தர் பந்தோடு தனியாக வந்தார். எதிரே மஹ்ரூப் ஒருவர்தான். கலந்தர் இடப்பக்கம் போவதுபோலக் காட்டினார். மஹ்ரூப் மொத்த உடம்போடும் இடப்பக்கம் போனார். கலந்தர் வலப்பக்கத்தால் போய்விட்டார்.

மூன்றுக்கு இரண்டு. அந்த நேரம் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஆட்டம் அத்தோடு நின்றது.

குழாயடியில் முண்டியடித்துக்கொண்டு கால் கழுவினார்கள். மஹ்ரூபின் முதுகில் ஒட்டியிருந்த சேற்றை ஒஸ்வல்ட் தேய்த்துக் கழுவிவிட்டான். வின்சன்ட் பக்கத்தில் வந்து எதுவும் தெரியாதவர் போலக் கேட்டார்.

“செவ்வாக்கெழமை பிராக்டிஸ். எத்தன பேருன்னு பாக்கணும்.”

ஒஸ்வல்ட் தெரேசாவைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

“சப்பாத்து சாக்குல கெடக்கு” என்றான். “அவிழ்த்து எடுக்கணும். எப்படியும் அஞ்சு மணிக்கு வந்திருவேன் சேர்.”

மஹ்ரூப் குனிந்து, ஏற்கனவே சுத்தமாயிருந்த காலை இன்னொருமுறை கழுவினார். நெஞ்சுக்குள் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்திருந்தால்கூட அவ்வளவு வந்திருக்காது.

வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டுதான் தொழப் போகவேண்டும். மதிலோரத்தில் காத்து நின்ற ஸுலைஹா அவரோடு நடந்தாள். அவர் இடது காலை நொண்டி நொண்டி வைத்தார். வழியில் சந்தித்தவர்களெல்லாம் “முதலாளி, நல்ல ஆட்டம்!” என்று சிரித்துக்கொண்டு போனார்கள். கடைவீதி தாண்டியதும் ஸுலைஹா மெதுவாகத் தொடங்கினாள்.

“கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. தம்பி இடப்பக்கம் காட்டினா நீங்க ஏன் இடப்பக்கம் போனீங்க?”

“அவன் போறான்னு நினைச்சேன்.”

“அவன் சின்ன வயசுலருந்தே அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டுல கூட ஒரு பக்கம் பாத்துக்கிட்டு மறுபக்கத்தால எடுப்பான். கால வச்சி நின்னிருந்தாப் போதும், புடிச்சிருக்கலாம்.”

“நீ மதிலுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்லுவ. உள்ளுக்கு வந்து பாத்தாத் தெரியும்! வெளிச்சம் மங்கிப் போச்சு, கால்ல சேறு…”

“எனக்கு எல்லாம் நல்லாத் தெரிஞ்சிச்சு” என்றாள் ஸுலைஹா. “ஒங்க பிழதான்.”

மஹ்ரூப் நடுவீதியில் நின்று, கையை நீட்டி, தன் பக்க நியாயத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் “இல்ல” என்றாள். வீட்டு வாசல் வரைக்கும் அவர்கள் வாதாடிக்கொண்டே போனார்கள். கதவைத் திறக்கும்போது இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.